தமிழில் வைத்தியம் சொல்லித் தந்த அமெரிக்கர் டாக்டர் சாமுவேல் கிரீன்

 

நம்ம சங்கத்து ஆண்டு மலர் என்றாலே அதில் ஒரு பெரியவர் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். காமராஜர் வந்துவிட்டார். விஸ்வேஸ்வரய்யா வந்துவிட்டார். எடிசன் ரெண்டு தடவை வந்துவிட்டார். மலர்க்குழுவில் என்னையும் எழுதச் சொன்னபோது, நம்மில் அதிகம் பேர் கேள்விப்படாத ஒருவரைப் பற்றி எழுதணும் என்று ஆசைப்பட்டேன். அவர் என்ஜினியர் இல்லை, டாக்டர். தமிழரும் இல்லை, அமெரிக்கர். ஆனால் பத்தாம் வகுப்பு வரைக்கும் தமிழில் படித்துவிட்டு இங்கே வந்து முதல் செமஸ்டரில் முழி பிதுங்கிய எல்லோருக்கும் அவர் ஒரு வகையில் சொந்தக்காரர்தான். யாழ்ப்பாணத்தில் அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் தெரியும். கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்பது அவர் முழுப்பெயர்.

அறிவியல் தமிழ் பற்றிய ஒரு புத்தகத்தில் இவரைப் பற்றி முதலில் ரெண்டே பக்கம்தான் படித்தேன். ஈழத்துக் கவிஞர் அம்பி ‘கிறீனின் அடிச்சுவடு’ என்று ஒரு முழு நூலே இவரைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன்.

1822-ஆம் வருஷம் அக்டோபர் 10-ஆம் தேதி, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் ஊரில், கிரீன் ஹில் என்ற பண்ணை வீட்டில் பிறந்தார். அப்பா வக்கீல். வீட்டில் மொத்தம் பதினோரு பிள்ளைகள். அம்மா இவர் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். ஆனால் சாதாரணக் குடும்பம் இல்லை. அக்காமார் நியூயார்க்கில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். இவருக்கு ரெண்டு வயசு மூத்த அண்ணன் ஆண்ட்ரூ கிரீன்தான் பிற்காலத்தில் நியூயார்க் நகரத்தின் சென்ட்ரல் பார்க் உருவாவதற்குப் பெரிய காரணமாக இருந்தவர். நியூயார்க், புரூக்ளின் முதலிய ஊர்களை ஒன்றாக்கி இன்றைய பெரிய நியூயார்க்கை உண்டாக்கப் பாடுபட்டவர் என்று அமெரிக்காவில் அவரைக் கொண்டாடுகிறார்கள். தம்பியும் அங்கேயே இருந்திருந்தால் அவர் பெயரிலும் ஒரு தெரு இருந்திருக்கும். நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845-ல் பட்டம் வாங்கிய கையோடு தொழில் தொடங்கி நன்றாகச் சம்பாதித்திருக்கலாம்.

அவர் போனது யாழ்ப்பாணத்துக்கு. அதுவும் அரசாங்க உத்தியோகத்துக்கு இல்லை. அமெரிக்க மிஷன் சபையில் ஊழியம் செய்கிற டாக்டராக. 1847 ஏப்ரலில் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல்தான். அதனால் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு, சென்னையைத் தொட்டு, யாழ்ப்பாணம் போய்ச் சேர அக்டோபர் ஆகிவிட்டது. அப்போது அவருக்கு வயசு 24 முடிந்து 25 நடக்கிற நேரம். நம்மைவிட ஆறேழு வயசுதான் கூட.

அமெரிக்க மிஷன்காரர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816-ல். முதல் டாக்டர் ஜான் ஸ்கடர் என்பவர், பண்டத்தரிப்பில் இருந்தார். பிறகு சென்னைக்கு வந்துவிட்டார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் அவருடைய பேத்திதான். ஸ்கடருக்குப் பிறகு வார்ட் என்ற டாக்டர். அவருக்குப் பிறகு கிரீன். முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார், 1848-ல் மானிப்பாய் என்ற ஊருக்கு மாறினார். அதன்பிறகு அவர் வாழ்க்கை என்றாலே மானிப்பாய்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் வந்தது கிறிஸ்தவ மதத்தைச் சொல்வதற்கு. வைத்தியம் அதற்கு ஒரு வழி. நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதற்கு முன்னால் வேதம் வாசிப்பதும் ஜெபம் செய்வதும் அங்கே வழக்கம். எங்கள் வீட்டில் சட்டைநாதர் கோவிலுக்கும் எல்லையம்மனுக்கும் விளக்குப் போடுகிறவர்கள். அதனால் எனக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. வயிற்றுவலியோடு வந்தவனிடம் பிரசங்கம் செய்வது நியாயமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அவர் செய்ததை எல்லாம் வரிசையாகப் பார்த்தால், அந்த விசுவாசம் இல்லை என்றால் அந்த மனிதர் அங்கே வந்திருக்கவே மாட்டார், வந்திருந்தாலும் ரெண்டாவது வருஷமே கப்பல் ஏறியிருப்பார் என்பதும் தெரிகிறது. அவருக்கு இரண்டும் வேறு வேறு இல்லை. காயத்துக்குக் கட்டுப் போடுவதும் ஜெபம்தான்.

அந்தக் காலத்து வைத்தியம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்ய முடியும் என்று பாஸ்டனில் பலர் முன்னிலையில் காட்டியதே 1846 அக்டோபரில்தான், அதாவது அவர் கப்பல் ஏறுவதற்கு ஆறு மாசம் முன்னால். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தை வைத்துக் கிருமி நீக்கம் செய்ததை வெளியிட்டது 1867-ல். காலராவுக்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்துச் சொன்னது 1883, 84-ல். கிரீன் மானிப்பாயில் இருந்த வருஷங்களில் யாழ்ப்பாணத்தில் காலரா வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. எதனால் வருகிறது என்று உலகத்தில் யாருக்குமே சரியாகத் தெரியாத ஒரு நோயோடு அவர் மல்லுக்கட்டினார்.

வந்த அடுத்த வருஷமே, 1848-லேயே, உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து வைத்தியம் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். தன் ஒருவனால் எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க முடியும் என்ற கணக்கு. இலங்கையில் மேல்நாட்டு மருத்துவம் கற்பித்த முதல் பள்ளி அதுதான் என்று சொல்கிறார்கள். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி வந்தது 1870-ல்தான்! ஆரம்பத்தில் பாடம் இங்கிலீஷில்தான் நடந்தது. வட்டுக்கோட்டையில் 1823-ல் தொடங்கிய மிஷன் செமினரியில் இங்கிலீஷ் படித்த பையன்கள் அங்கே இருந்ததால் அது சுலபமாக இருந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. படித்து முடித்த பையன்கள் கிராமத்தில் நிற்கவில்லை. இங்கிலீஷும் வைத்தியமும் தெரிந்தவனுக்கு அரசாங்கத்தில் சம்பளத்தோடு வேலை காத்திருந்தது. கிளம்பிப் போனார்கள். போனவர்களைக் குறை சொல்ல முடியுமா? இதே காரணத்தால் வட்டுக்கோட்டை செமினரியையே 1855-ல் மிஷன் மூடிவிட்டது. இங்கிலீஷ் படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று கோபம். (அப்படி அங்கே படித்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள். தாமோதரம் பிள்ளை பிறகு கலித்தொகையையும் தொல்காப்பியத்து உரைகளையும் அச்சில் கொண்டுவந்தார். இங்கிலீஷ் படித்ததால் யாரும் கெட்டுப்போகவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.)

ஏறக்குறைய அதே சமயத்தில் கிரீன் எடுத்த முடிவு, இனி வைத்தியத்தைத் தமிழிலேயே சொல்லித் தருவது என்பது. முழுக்கத் தமிழில் வகுப்பு 1864-ல் தொடங்கியது. அதற்கு முதலில் புத்தகம் வேண்டுமே? தமிழில் அப்படி ஒரு புத்தகமும் கிடையாது. வார்த்தையே கிடையாது. எல்லாவற்றையும் உண்டாக்க வேண்டியிருந்தது.

உண்டாக்கினார். கட்டர் என்பவர் எழுதிய உடல் அமைப்பு, உடல் இயக்கம், சுகாதாரம் பற்றிய நூலை ‘அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்’ என்ற பெயரில் தமிழாக்கி 1857-ல் வெளியிட்டார். மான்செல் எழுதிய பிரசவ வைத்திய நூலும் 1857-ல் வந்தது. டிரூயிட் எழுதிய அறுவை சிகிச்சை நூல் ‘இரண வைத்தியம்’ என்று 1867-ல் வந்தது, 500 பக்கத்துக்கு மேல். மருத்துவம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கிரேயின் அனாடமி ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று 1872-ல் வந்தது, 800 பக்கத்துக்கு மேல். அதே வருஷம் ஹூப்பர் எழுதிய பொது மருத்துவ நூல் ‘வைத்தியாகரம்’, 900 பக்கத்துக்கு மேல். 1875-ல் ‘கெமிஸ்தம்’. அது கெமிஸ்ட்ரி புத்தகம். டால்டனின் ‘மனுஷ சுகரணம்’ 1883-ல். கலைச்சொற்களுக்குத் தனி அகராதியும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் நாலாயிரம் பக்கத்துக்கு மேல் போகிறது. நம்மில் யாராவது ஒரு செமஸ்டர் ரெக்கார்டு நோட்டை முழுசாகச் சொந்தக் கையால் எழுதி முடித்திருக்கிறோமா? நான் பொதுவாகத்தான் கேட்கிறேன்.

இத்தனையும் அவர் ஒருவரே எழுதியது இல்லை. சாப்மன், டான்ஃபோர்த், வில்லியம் பால், சுவாமிநாதன் என்று அவரிடம் படித்த மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள். (இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தாலும் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழர்கள்தான்.) அவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். அவரும் மொழிபெயர்த்தார். ஒரு வாத்தியாரும் பையன்களும் சேர்ந்து தங்கள் பாடப்புத்தகத்தைத் தாங்களே எழுதிக்கொண்டு படித்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

சொற்களைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். ‘அங்காதிபாதம்’ என்று பார்த்ததும் எனக்குக் கேசாதிபாதம் ஞாபகம் வந்தது. சாமியைத் தலைமுடி முதல் பாதம் வரைக்கும் வர்ணிப்பார்களே, அது. இன்றைக்கு நாம் அனாடமியை உடற்கூறியல் என்கிறோம். ‘சுகரணம்’ போய் உடலியங்கியல் வந்துவிட்டது. ‘இரணம்’ நம்ம ஊரில் புண்ணுக்கு இன்றைக்கும் சொல்கிற வார்த்தைதான், எங்க அப்பாயி அப்படித்தான் சொல்லும். ‘கெமிஸ்தம்’ என்பது இங்கிலீஷ் சொல்லுக்கே தமிழ் வேஷ்டி கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. ஆக, தமிழில் இருந்தால் தமிழ், சமஸ்கிருதத்தில் கிடைத்தால் அது, ஒன்றும் கிடைக்காவிட்டால் இங்கிலீஷையே தமிழ் ஓசையில் போட்டுக்கொள்வது என்று நடைமுறைக்கு ஒத்த மாதிரி செய்திருக்கிறார். சமஸ்கிருதம் ரொம்ப அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் காலியாகக் கிடந்த நிலத்தில் முதல் உழவு ஓட்டுகிறவனிடம் சால் கோணலாக இருக்கிறது என்று சொல்வது சுலபம்.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிசாகப் படுகிறது என்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கூலிக்கு உழவு, அறுப்பு என்று போகிறவர். அம்மா நடவு நடுகிற ஆள். பள்ளிக்கூடத்தில் நிலைமம் என்று படித்தது இங்கே இனர்ஷியா ஆகிவிட்டது. உந்தம் மொமெண்டம் ஆகிவிட்டது. தெரிந்த விஷயமே தெரியாத விஷயம் மாதிரி முன்னால் வந்து நின்றது. முதல் ரெண்டு மாசம் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை. லேத் முன்னால் நின்றால் கை தானாக வேலை செய்யும். பேப்பரில் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். உங்களில் பாதிப் பேருக்கு இது நடந்திருக்கும்.

அதைவிட ஒன்று. போன வருஷம் நடவுக் காலத்தில் அம்மாவுக்குக் காலில் இரணம் ஆறாமல் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் என்னைப் பார்த்து இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார், சீட்டு எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்ததும் அம்மா என்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டது. சர்க்கரை இருக்கலாம், ரத்தம் பார்க்கணும் என்பது வரைக்கும் சொன்னேன். சர்க்கரைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அது நாலு பேர் முன்னால் கேட்க வேண்டிய கேள்விதானே? டாக்டரிடம் கேட்கக் கூச்சம். படித்த பிள்ளையிடம் கேட்டது. கிரீன் தமிழில் வகுப்பு எடுத்ததன் அர்த்தம் எனக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் புரிந்தது. தமிழில் வைத்தியம் படித்தவனுக்கு அந்தக் கேள்வியைத் தமிழில் எதிர்கொள்கிற பழக்கம் இருந்திருக்கும்.

நம்ம பக்கத்திலும் அதே காலத்தில் இப்படி யோசித்த ஒருவர் இருந்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவரும் கிறிஸ்தவர். நம்ம சீர்காழியிலும் முன்சீப்பாக இருந்தவர். சாதாரண ஜனங்களுக்குச் சட்டம் புரிய வேண்டும் என்று மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862-ல் வெளியிட்டார். அதே மாதிரி யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் நம்ம பக்கத்து ஊர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது 1864-ல். மானிப்பாயில் தமிழ் வைத்திய வகுப்பு தொடங்கிய அதே வருஷம்! நாவலர் மிஷன்காரர்களோடு கடுமையாக வாதம் செய்தவர். ஆனால் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடப்புத்தகம் வேண்டும் என்பதில் ரெண்டு பக்கமும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

இனி அவர் குடும்ப விஷயத்துக்கு வருகிறேன். முதல் பத்து வருஷம் அவர் கல்யாணம் ஆகாமல்தான் மானிப்பாயில் இருந்தார். உடம்பு கெட்டுப்போய் 1857-ல் ஊருக்குக் கிளம்பினார். அமெரிக்காவில் இருந்தபோதும் திரும்பி வருகிற நினைப்புதான். 1862 மே மாசம் மார்கரெட் வில்லியம்ஸ் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அங்கே அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கல்யாணம் ஆன அதே வருஷம் மனைவியோடு மறுபடி கப்பல் ஏறி மானிப்பாய் வந்துவிட்டார். அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். புகுந்த வீடு பூமிக்கு அந்தப் பக்கம். பாஷை தெரியாது. பிள்ளைகள் பிறந்ததும் தவழ்ந்ததும் அங்கேதான். அந்தக் காலத்து மிஷன் குடும்பங்களில் எத்தனையோ பேர் மனைவியையும் கைக்குழந்தைகளையும் யாழ்ப்பாணத்து மண்ணிலேயே புதைத்தார்கள். உடுவிலில் பெண்கள் பள்ளியைத் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் 1833-ல் அங்கேயே இறந்தார். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு வருஷக்கணக்காகப் பார்க்காமல் இருந்த பெற்றோரும் உண்டு. கிரீன் சார்பாக எழுதுகிறவர்கள் யாரும் மார்கரெட் அம்மாவைப் பற்றி நாலு வரிக்கு மேல் எழுதுவதில்லை. அது எனக்குக் குறையாகப் படுகிறது. ஒரு வீடு நடந்தால்தானே நாலாயிரம் பக்கம் நடக்கும்?

1865-ல் அவருடைய அப்பா வூஸ்டரில் இறந்தார். மகன் மானிப்பாயில். கடிதம் வந்து சேரவே மாசக்கணக்கு. இதைப் படித்தபோது எனக்கு என் சித்தப்பா ஞாபகம்தான். வளைகுடாவில் வெல்டராக இருக்கிறார். எங்க தாத்தா செத்தபோது லீவு கிடைக்கவில்லை, வீடியோ காலில் கொள்ளியைப் பார்த்தார். நம்ம டெல்டாப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், துபாய், குவைத் என்று இருக்கிறார்கள். இந்த மலரைப் படிக்கிற நம்மில் பல பேர் டிப்ளமோ முடித்ததும் செய்கிற முதல் வேலை பாஸ்போர்ட் எடுப்பது. நாம் போவது வீட்டுக் கடனுக்காக. அவர் வந்தது விசுவாசத்துக்காக. ஆனால் இழவு வீட்டுக்குப் போக முடியாதது ரெண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இன்னொரு விஷயம். தமிழர்கள் கிறிஸ்தவர் ஆனதும் கோட்டும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரர் மாதிரி ஆவது அவருக்குப் பிடிக்கவில்லை. தன் மாணவர்கள் வேஷ்டி கட்டி, தங்கள் ஊர்ப் பழக்கத்தோடு, ஊர் ஜனங்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மதம் மாறலாம், மனிதன் அந்நியனாக மாறக்கூடாது என்பது அவர் நினைப்பு. பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் எனக்கு இங்கே ஒரு சண்டையும் இருக்கிறது. தமிழில் மட்டும் படித்தவன் வெளியே போக மாட்டான், கொஞ்ச வருமானத்தில் கிராமத்திலேயே திருப்தியாக இருப்பான் என்பதும் அவர் போட்ட கணக்கில் ஒரு பகுதி. அது கிராமத்துக்கு நல்லது. அந்தப் பையனுக்கு? அவர் அண்ணன் நியூயார்க்கில் பெரிய மனிதர். அவரே விரும்பித்தான் மானிப்பாய்க்கு வந்தார், போகணும் என்றால் போகவும் அவருக்குக் கப்பல் இருந்தது. மானிப்பாய்ப் பையனுக்கு இங்கிலீஷ்தான் கப்பல். அதைக் கொடுக்காமல், ஊரிலேயே இரு என்று சொல்வது வேறொருவன் வாழ்க்கையை நாம் முடிவு செய்வது மாதிரி ஆகிவிடாதா? எங்கள் தெருவில் யாராவது வந்து, உனக்குத் தமிழிலேயே எல்லாம் சொல்லித் தருகிறேன், நீ இங்கேயே பம்புசெட் ரிப்பேர் பார்த்துக்கொண்டு இரு என்றால், எங்க அப்பா வெளியே அனுப்பிவிடும். எனக்குத் தமிழில் புரியவும் வேண்டும், இங்கிலீஷில் வேலை கிடைக்கவும் வேண்டும். ரெண்டும் கேட்கிறது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை. இதை ஹாஸ்டலில் நண்பர்களோடு பேசினேன். பாதிப் பேர் கிரீன் பக்கம், பாதிப் பேர் என் பக்கம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் முடியவில்லை.

கணக்கைப் பார்த்தால், அவர் மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்ட டாக்டர்களை உருவாக்கினார். அதில் 33 பேர் தமிழிலேயே படித்தவர்கள். ஒரு சின்ன ஊரில், ஒரு மனிதர் முயற்சியில், மூளைக்காய்ச்சல் முதல் முறிந்த எலும்பு வரைக்கும் தமிழில் படித்த 33 பேர்! நம்ம தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் ரெண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது 2010-ல்தான் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் 1864 எவ்வளவு முன்னால் என்பது தெரியும்.

1873-ல் உடம்பு முடியாமல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். திரும்பி வருகிற எண்ணத்தோடுதான் போனார். உடம்பு விடவில்லை. ஆனாலும் சும்மா இருக்கவில்லை. வூஸ்டரில் பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு தமிழ்ப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். சுற்றி இருக்கிற யாருக்கும் அந்த எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அவர் ஊருக்குப் போன பிறகு வந்தவைதான். மனுஷ சுகரணம் வெளிவந்த அடுத்த வருஷம், 1884 மே 28-ஆம் தேதி, பிறந்த கிரீன் ஹில் வீட்டிலேயே கண்ணை மூடினார். வயசு 61.

அவர் போன பிறகு அந்தத் தமிழ் வைத்தியப் பள்ளி ரொம்ப நாள் நடக்கவில்லை. மாணவர்கள் கொஞ்ச வருஷம் இழுத்துப் பார்த்தார்கள். கொழும்பில் இங்கிலீஷில் அரசாங்கப் படிப்பு, அரசாங்க வேலை என்று வந்த பிறகு இதற்கு யார் வருவார்கள்? புத்தகங்கள் அலமாரிக்குப் போய்விட்டன. கொஞ்சம் இப்போது ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன, செல்போனிலேயே பார்க்கலாம்.

மானிப்பாய் ஆஸ்பத்திரி மட்டும் கிரீன் நினைவு ஆஸ்பத்திரி என்ற பெயரோடு இன்றைக்கும் இருக்கிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். அதில் ஏறினால் இறங்குகிற இடத்திலிருந்து மானிப்பாய் பக்கம்தான். வூஸ்டரில் அந்தக் கிரீன் ஹில் இப்போது ஊர்ப் பொதுப் பூங்கா, குடும்பத்தார் ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். அவர் கல்லறையும் அதே ஊரில்தான். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்று கல்லில் வெட்ட வேண்டும் என்பது அவரே சொல்லிவிட்டுப் போன ஆசை. அப்படியே வெட்டியிருக்கிறார்கள்.